கொக்கு முதல்ல கண்ணை மூடட்டும்

"டீச்சர், கொக்கு செத்துப்போச்சு."

மெய்யம்மைக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையிலிருந்த டீ கீபோர்டில் சிந்தாமல் தப்பியது பெரிய விஷயம்.

"எந்தக் கொக்கு டாக்டர்?"

"நான் வரைஞ்ச கொக்கு."

"அதானே பாத்தேன். உள்ள வாங்க."

டாக்டர் பரமானந்தம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அக்குளில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. பெட்டியின் மேல் படம் வரைகிற டேப்லெட் ஒன்றின் படம்.

"இது மூணாவதா?"

"மூணாவது," என்றார் டாக்டர். திருட்டுத்தனம் செய்து பிடிபட்டவர் போலச் சொன்னார்.

சிறுமலை உச்சியில், முன்பு வாழைத்தார் அடுக்கி வைத்த கட்டடம் அது. மெய்யம்மை அதற்கு வெள்ளையடித்து, நாலு மேசை போட்டு, அனிமேஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வயது முப்பத்தைந்து இருக்கும். பரமானந்தம் ஐம்பதைத் தாண்டியவர். கீழே திண்டுக்கல்லில் பேர்பெற்ற கண் டாக்டர்.

குரு சின்னவள், சீடர் பெரியவர். அதனால் என்ன? அப்பனுக்கே பாடம் சொன்ன முருகனை மலைக்கு மலை வைத்துக் கும்பிடுகிறவர்கள் நாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பரமானந்தம் வெட்கப்பட வேண்டியது வேறொன்று இருந்தது. அது அவருக்கே இன்னும் தெரியாது.

"நாளைக் காலையில ஆபரேஷன் டீச்சர். கொக்கு இல்லாம கனிஷ்கா படுக்க மாட்டா."

கனிஷ்காவுக்கு ஏழு வயது. இரண்டு கண்ணிலும் புரை. இரண்டு முறை ஆபரேஷனுக்கு அழைத்துப்போய், அவள் போட்ட கூச்சலில் இரண்டு முறையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். இனியும் தள்ளினால் கண்ணுக்குப் பார்வை நிற்காது. பரமானந்தம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஒரு கொக்குக் கதை சொன்னார். கண் சரியில்லாத கொக்கு, தைரியமாகக் கண்ணை மூடிப் படுத்தது என்று.

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கொக்கு முதல்ல கண்ணை மூடட்டும். நான் பாக்கணும். அப்புறம் நான் மூடறேன்."

அதற்காகத்தான் இத்தனை பாடும்.

முதலில் வந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி. "புதுசா கத்துக்கறவனுக்கு எந்த டேப்லெட் நல்லது?"

மெய்யம்மை சொன்னாள்: "ஸ்கிரீன் இல்லாத சின்ன பேட் போதும். விலையும் கம்மி. பேனாவால பேட்ல வரைவீங்க, கோடு கம்ப்யூட்டர்ல வரும்."

"கை ஒரு பக்கம், கண்ணு ஒரு பக்கமா?"

"ஆபரேஷன்ல கையைப் பாத்தா பண்றீங்க?"

டாக்டர் சிரித்துவிட்டார். மைக்ராஸ்கோப்புக்குள் பார்த்துக்கொண்டே இருபத்தைந்து வருஷமாகக் கத்தி பிடித்தவர். அன்றே வாங்கினார்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். "கோடு நடுங்குது டீச்சர். மலிவு சரக்கு."

மெய்யம்மை அதே பேட்டில், அதே பேனாவால் ஒரு வட்டம் போட்டாள். பௌர்ணமி நிலா போல வந்தது.

"உங்களுக்குப் பழகின கை," என்றார் டாக்டர்.

அவர் போய் ஸ்கிரீன் உள்ளதாக ஒன்று வாங்கினார். அதிலும் கோடு நடுங்கியது. இப்போது இது.

டேப்லெட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார்கள். பாதி மேசையை அடைத்துக்கொண்டது. அந்த விலைக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம்.

"இதுல கோடு நடுங்கல," என்றார் டாக்டர். "ஒரு இடத்துலகூட நடுங்கல. ஆனா கொக்கைப் பாருங்க."

மெய்யம்மை பார்த்தாள். வழவழவென்று ஒரு கொக்கு. கழுத்து குழாய் மாதிரி. கால் குழாய் மாதிரி. கடையில் பாலிதீன் உறைக்குள் தொங்குகிற பொம்மைக்குக்கூட இதைவிட உயிர் இருக்கும்.

"செத்துத்தான் போச்சு," என்று ஒப்புக்கொண்டாள்.

"இதைவிட நல்ல டேப்லெட் எது டீச்சர்? சொல்லுங்க, இப்பவே ஆளனுப்பறேன்."

"கடைக்காரர் எதையாச்சும் ஏத்தி விட்டாரா?"

"ஆமா. கோட்டை நேராக்கற செட்டிங் ஒண்ணு இருக்காம். முழுசா ஏத்தி விட்டாரு. வெண்ணெய் மாதிரி வரும் சார்னாரு."

மெய்யம்மை அந்த செட்டிங்கைத் தேடிப் பிடித்தாள். பூஜ்யத்துக்கு இறக்கினாள்.

"இப்ப வரைங்க."

டாக்டர் வரைந்தார். கொக்கின் கழுத்து மேலே போனது. போகிற வழியெல்லாம் நடுங்கிக்கொண்டே போனது.

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இதுவுமா! இவ்வளவு காசு குடுத்தும் இதுவுமா!"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பழமொழி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவர் ஆடத் தெரியாதவர் இல்லை. ஊரே மெச்ச ஆடியவர். பழமொழியில் இவருக்கு இடமில்லை.

"மேசை ஆடுது," என்றார்.

மெய்யம்மை டேப்லெட்டை எடுத்துத் தரையில் வைத்தாள். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து வரைந்தார். நடுங்கியது.

"கரண்ட்டு. மலையில வோல்டேஜ் ஏறி இறங்கும்ல?"

பிளக்கைப் பிடுங்கினாள். பேட்டரியில் வரைந்தார். நடுங்கியது.

"பேனா சரியில்ல."

தன் பேனாவைக் கொடுத்தாள். நடுங்கியது.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நெற்றி வியர்த்திருந்தது. "கம்பெனியே சரியில்ல டீச்சர். எல்லாரும் சேர்ந்து ஏமாத்தறானுங்க."

மெய்யம்மை எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். வெந்நீர் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்துவந்தாள். அவர் கையில் வைத்தாள்.

சுவரைக் காட்டினாள்.

"சுவத்துலயா?" அவர் பதறிவிட்டார். "போன மாசந்தான வெள்ளையடிச்சீங்க?"

"வரைங்க டாக்டர்."

"ஏங்க, சுவரு பாழாப் போயிரும்."

"போகட்டும்."

அவர் எழுந்தார். வெள்ளைச் சுவரில் கரியை வைத்தார். கீழிருந்து மேலாக ஒரு கொக்கின் கழுத்தை இழுத்தார். நாலடி உயரம்.

பின்னால் நகர்ந்து பார்த்தார்.

கோடு முழுக்க நடுக்கம். பாம்பு போன தடம் மாதிரி, அடியிலிருந்து நுனிவரை.

"சுவர் ஆடுதா டாக்டர்?" என்று கேட்டாள் மெய்யம்மை.

அவர் கரியை மறுபடி சுவரில் வைத்தார். பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்தார். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பல்லைக் கடித்துக்கொண்டு, மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தார். எல்லாக் கோடும் ஒரே மாதிரி நடுங்கியது.

கரி கீழே விழுந்து உடைந்தது.

தன் வலது கையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். இத்தனை நாள் அந்தக் கையைத்தான் அவர் பார்க்கவே இல்லை. இடி விழுந்தது மாதிரி நின்றார்.

"ஆபரேஷன்ல இப்படி இல்ல," என்றார். குரல் உள்ளே போயிருந்தது. "அங்க பேஷண்ட் நெத்தியில கையை ஊனிக்குவோம். அங்க நடுங்காது."

மெய்யம்மை கேட்டாள்: "இங்க மூணு டேப்லெட் மாத்தினீங்க. ஆஸ்பத்திரியில என்ன மாத்தினீங்க?"

"அங்க என்ன மாத்தறது? ஒண்ணும் மாத்தல."

அவள் காத்திருந்தாள்.

"நாற்காலிய மாத்தினேன்," என்றார். "உயரம் ஒத்து வரல."

அவள் காத்திருந்தாள்.

"மைக்ராஸ்கோப்ப மாத்தினேன். படம் ஆடற மாதிரி இருந்துச்சு."

அவருக்கு முகம் கோணியது. சுவரைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கைக் கரி சுவரெல்லாம் அப்பியது.

"சகாயமேரிய மாத்தினேன்," என்றார்.

"அது யாரு?"

"நர்ஸ். ரொம்ப வருஷமா எனக்குக் கருவி எடுத்துக் குடுக்கறவங்க. உங்க கை நடுங்குது, அதான் கத்தி ஆடுதுன்னு சொல்லி வார்டுக்கு அனுப்பிட்டேன். எல்லாரும் பாக்கத் திட்டினேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

உள்ளங்கைக் கரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என் கையப் பாத்தாங்க."

மெய்யம்மைக்குக் கோடு நடுங்குவது தெரிந்திருந்தது. கத்தியை அவள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாருக்கும் இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல டீச்சர். சத்தியமா ஆகல."

"கனிஷ்காவுக்கு நாளைக்கு எத்தனை மணிக்கு?"

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்த மலையில் பலாமரத்தடியில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அங்கேயும் சரியாகக் கேட்காது. ஸ்பீக்கரில் போட்டுக் கத்த வேண்டும். ஆக, வாழ்க்கையில் மிகவும் தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டிய விஷயத்தை அவர் ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

"பர்வீன்! நாளைக்குக் கனிஷ்கா கேஸ நீ பண்ணிடும்மா!"

"சார்?"

"எனக்குக் கை சரியில்லம்மா. நடுங்குது."

மறுமுனையில் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதென்று அவர் போனை உதறினார்.

"சரிங்க சார்," என்று வந்தது அவருடைய ஜூனியர் டாக்டர் பர்வீனின் குரல். அதில் அழுகை இருந்தது. "நான் பண்றேன் சார். சகாயமேரி சிஸ்டரத் திரும்பத் தியேட்டருக்குக் கூப்பிட்டுக்கட்டுமா?"

பரமானந்தம் பலாமரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"நான் எப்படி சார் சொல்றது? கத்தி பிடிக்கவே நீங்கதான சார் சொல்லிக்குடுத்தீங்க."

அவர் போனை அணைத்தார். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அவருக்கு மட்டும் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் கண் வைத்தியம் பார்த்தவர்.

உள்ளே வந்தவர் பெரிய டேப்லெட்டை அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. கை ஒத்துழைக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டார்.

"வரேன் டீச்சர். இனி எனக்கு எதுக்கு இதெல்லாம்."

"முதல்ல வாங்கினீங்களே, சின்ன பேட். அது எங்க?"

"கார் டிக்கியில கெடக்கு."

"எடுத்துட்டு வாங்க."

பரமானந்தத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கிண்டல் பண்றீங்களா? இப்பத்தான் என் தொழிலே போச்சுன்னு போன்ல சொல்லிட்டு வந்து நிக்கறேன். படம் வரையச் சொல்றீங்க!"

"டாக்டர் மாறிட்டாரு. அந்தப் புள்ள போட்ட கண்டிஷன் மாறலையே?"

அவர் நின்றார்.

"கொக்கு முதல்ல கண்ண மூடணும்," என்றாள் மெய்யம்மை. "இல்லன்னா அவ படுக்க மாட்டா. டாக்டர் பர்வீன் கத்தியக் கையில வெச்சுக்கிட்டு என்ன செய்வாங்க?"

பரமானந்தம் காருக்குப் போனார். ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் அது கிடந்தது. துண்டால் தூசி தட்டி எடுத்துவந்தார்.

"இதுல எதுக்கு? இதுலதான் ரொம்ப நடுங்கும்."

"ஸ்கிரீன் உள்ளதுல வரைஞ்சா உங்க கைதான் உங்களுக்குத் தெரியும். இதுல கொக்கு மட்டுந்தான் தெரியும். கைய மறந்துட்டுக் கொக்கப் பாருங்க."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு வரைந்தார். ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு. கழுத்து நடுங்கியது. கால் நடுங்கியது. வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார்.

"அது மேலயே, அதே கொக்க இன்னொரு தடவ வரைங்க."

"அசையலையே? நின்னுக்கிட்டுத்தான இருக்கு?"

"வரைங்க."

வரைந்தார்.

"இன்னொரு தடவ."

வரைந்தார். ஒரே கொக்கு, மூன்று படம். ஒவ்வொன்றிலும் கோடு வேறு வேறு இடத்தில் நடுங்கியிருந்தது.

மெய்யம்மை மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வரும்படி வைத்து, பட்டனைத் தட்டினாள்.

கொக்கு நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது. ஆனால் மார்பு ஏறி இறங்கியது. இறகு காற்றில் சிலிர்த்தது. ஒற்றைக்கால் தண்ணீரின் குளிரில் லேசாக உதறியது.

பரமானந்தம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"மூச்சு விடுது!"

மெய்யம்மை ஆறிப்போன டீயைக் குடித்தாள்.

"டீச்சர், இது மூச்சு விடுது! நீங்க என்ன பண்ணினீங்க?"

"பட்டனத் தட்டினேன்."

அவர் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நேரான கோட்டுல ஒரே படத்த வெச்சா, நிக்கற கொக்கு செத்த கொக்காத்தான் தெரியும்," என்றாள் மெய்யம்மை. "அதுக்காகவே எங்க வேலையில நிக்கறதக்கூடத் திரும்பத் திரும்ப வரைவோம். கை அங்க இங்க ஆடற மாதிரி வேணும்னே வரைவோம். எனக்கு அது வரவே வராது. ரொம்பக் கஷ்டப்பட்டு நடுக்குவேன்."

டாக்டர் தன் கையைப் பார்த்தார். பிறகு கொக்கைப் பார்த்தார்.

"உக்காருங்க. கண்ண மூட வெக்கணும். இருட்டறதுக்குள்ள நீங்க இறங்கியாகணும், ரோட்டுல காட்டெருமை வந்து நிக்கும்."

மறுநாள் காலையில் பரமானந்தம் முதலில் வார்டுக்குப் போனார். சகாயமேரி சிஸ்டர் ஒரு பெரியவருக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் பார்க்க சிஸ்டர் முன்னால் போய் நின்று கும்பிட்டார்.

"சிஸ்டர், நடுங்கினது என் கை. உங்க கை இல்ல. என்ன மன்னிச்சிருங்க."

சொட்டு மருந்து பெரியவரின் கன்னத்தில் விழுந்தது.

சகாயமேரி அதைத் துடைத்துவிட்டார். மெதுவாகத்தான் துடைத்தார். "வாங்க சார்," என்றார். "புள்ள கொக்கக் கேட்டுக்கிட்டே இருக்கா."

ஆபரேஷன் தியேட்டருக்கு முந்தின அறையில், சக்கரக் கட்டிலில் கனிஷ்கா கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்த நிமிஷமும் கூச்சல் கிளம்பலாம் என்று அவளுடைய அம்மா வாசலில் நின்றாள். டாக்டர் பர்வீன் பச்சை உடுப்பில் தயாராக இருந்தாள்.

பரமானந்தம் லேப்டாப்பைக் கட்டிலில் வைத்துத் திறந்தார்.

கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. இங்கே பார்த்தது, அங்கே பார்த்தது. பிறகு மெல்ல மெல்ல இமையை இறக்கிக் கண்ணை மூடியது.

கனிஷ்கா முகத்தை ஸ்கிரீனுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். அவளால் அப்படித்தான் பார்க்க முடியும்.

"இன்னொரு தடவ."

போட்டார்.

"டாக்டர், கொக்கு நடுங்குது."

பர்வீன் தலையைக் குனிந்துகொண்டாள். சகாயமேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆமா கண்ணு," என்றார் பரமானந்தம்.

"அதுக்குப் பயமா?"

அவர் ஸ்கிரீனில் கண்ணை மூடிய கொக்கைப் பார்த்தார்.

"ஆமா. ரொம்பப் பயம்."

"பயந்துக்கிட்டேவா கண்ண மூடிச்சு?"

"பயந்துக்கிட்டேதான்."

கனிஷ்கா யோசித்தாள். கட்டிக்கொண்டிருந்த காலை நீட்டினாள்.

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டுப் படுத்துக் கண்ணை மூடினாள்.